திருத்துபவருக்கு வசதியான கட்டுரை

தேர்வுக் கட்டுரைகளை நிறையப் படிக்க நேர்ந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முதல் வாக்கியத்தைப் பார்த்ததுமே மீதி எப்படிப் போகும் என்று மனம் சொல்லிவிடும். 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கினால் அந்தப் பத்தி 'இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன' என்று முடியும். அடுத்து முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக. ஒவ்வொன்றிலும் ஓர் எடுத்துக்காட்டு: அநேகமாக ஒரு விஞ்ஞானி, ஒரு விளையாட்டு வீரர், 'எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர்'. எங்காவது ஓரிடத்தில் 'சிலர் இதை மறுக்கலாம், ஆனால் அது சரியல்ல'. கடைசிப் பத்தியில் முதல் பத்தியே சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்ப வரும்.

பல்கலைக்கழக நுழைவுக்கும் ஆங்கில மொழித் தேர்வுகளுக்கும் தயாராகிறவர்கள் தரும் கட்டுரைகளைப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதிக் கொடுப்பது எனக்குப் பல காலப் பழக்கம். பிள்ளைகள் மோசமாக எழுதுகிறார்கள் என்று புலம்ப வரவில்லை. இலக்கணப் பிழையே இல்லாத கட்டுரைகள் வருகின்றன. சொல்வளமும் குறைவில்லை. என்னை உறுத்துவது வேறு. பத்துக் கட்டுரைகளில் பெயரை மறைத்துக் கலைத்துப் போட்டால், எழுதியவர்களே தங்களுடையதைக் கண்டுபிடித்து எடுப்பார்களா என்பது சந்தேகம்.

இதற்கு ஆசிரியர்களையும் பயிற்சி மையங்களையும் திட்டுவதுதான் வழக்கம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். இந்த டெம்ப்ளேட் எங்கே பிறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வகுப்பறையை விட்டுவிட்டுத் திருத்தும் மேசைக்குப் போக வேண்டும். லட்சக்கணக்கானோர் எழுதும் ஒரு தேர்வில் இரண்டு கேள்விகள் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகின்றன. ஒரு கட்டுரைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பேர் அதற்கு ஒரே மதிப்பெண் போடுவார்களா? முதல் கேள்விக்கு விடை, சில நிமிடங்கள். இரண்டாவதற்கு விடை, தானாகப் போடமாட்டார்கள், பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

எது நல்ல எழுத்து என்று கேட்டால் இரண்டு நல்ல வாசகர்கள் அடித்துக்கொள்வார்கள். நிலைப்பாடு முதல் பத்தியில் இருக்கிறதா, பத்திகள் பிரிந்திருக்கின்றனவா, பத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறதா என்று கேட்டால் அடிதடிக்கு இடமில்லை. எனவே மதிப்பெண் அளவுகோல் மெல்ல மெல்லச் சண்டை வராத விஷயங்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பயிற்சி மையம் செய்வதெல்லாம் அந்த அளவுகோலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுப்பதுதான். அந்த வடிவம் எழுதுகிறவரின் தேவையிலிருந்து வரவில்லை. படித்துக் களைத்த ஒருவர் தேடும் இடத்தில் தேடிய பொருள் கிடைக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வு இதற்கு நல்ல சான்று. 2005 மார்ச்சில் அதில் கட்டுரை சேர்ந்தது. நேரம் 25 நிமிடம். இரண்டு பேர் தனித்தனியே 1 முதல் 6 வரை மதிப்பெண் இடுவார்கள், மொத்தம் 12. இருவருக்குமிடையே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்ப்பார். நியாயமான விதியாகத்தான் தெரியும். ஆனால் திருத்துபவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வித்தியாசமான ஒரு கட்டுரை கையில் வருகிறது. பிடித்திருக்கிறது. இன்னொருவருக்குப் பிடிக்குமா? தெரியாது. அப்போது கை எந்த எண்ணின் பக்கம் போகும்? நடுவிலே இருக்கும் எண்ணின் பக்கம்தான். துணிச்சலாக எழுதியவருக்கு விழும் அடி யாருடைய கெட்ட எண்ணத்தாலும் விழுவதில்லை, கணக்கே அப்படி.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் எழுத்துப் பயிற்சியைக் கவனித்துவந்த லெஸ் பெரல்மன், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அப்போது வெளியிட்ட மாதிரிக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் கண்டது எளிமையானது. படிக்கவே வேண்டாம், நீளத்தை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டாலே பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாக வந்துவிடும் என்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய காலத்தையே தவறாகச் சொன்ன ஒரு கட்டுரைக்கு முழுதாக 6 கிடைத்திருந்தது. திருத்துபவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தின் தரத்தைத்தான் பார்க்க வேண்டும், தகவல் பிழைக்காகக் குறைக்கக் கூடாது என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி.

அந்த விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. நூலகம் இல்லாமல், 25 நிமிடத்தில் எழுதுகிறவரிடம் ஆண்டுக்கணக்கு கேட்பது சரியல்ல. ஆனால் பதினேழு வயதில் அந்த விதியைக் கேள்விப்படுகிறவருக்கு என்ன புரியும்? எடுத்துக்காட்டு என்பது பத்தியில் ஓர் இடத்தை அடைக்க வேண்டிய பொருள், அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று புரியும். 'ஓர் ஆய்வின்படி 80 சதவீதத்தினர்' என்று எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஆய்வு என்று கேட்டால் சிரிப்பார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை அது. இதைப் போய்க் கேட்கிறீர்களே என்ற சிரிப்பு.

விமர்சனங்களுக்குப் பிறகு 2016-இல் எஸ்ஏடி கட்டுரை மாறியது. கட்டாயம் போய் விருப்பத் தேர்வானது. 50 நிமிடம், கொடுக்கப்பட்ட ஒரு பகுதியைப் படித்து, அதன் ஆசிரியர் எப்படி வாதிடுகிறார் என்று அலச வேண்டும். உண்மையிலேயே முன்னேற்றம்தான். ஆனால் அதற்கும் டெம்ப்ளேட் வந்தது: ஆசிரியர் தர்க்கத்தைப் பயன்படுத்துகிறார், உணர்ச்சியைத் தூண்டுகிறார், தன் நம்பகத்தன்மையை நிறுவுகிறார். மறுபடியும் மூன்று! 2021 ஜனவரியில் காலேஜ் போர்டு அந்தக் கட்டுரையை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

திருத்துபவரின் நாற்காலியில் இயந்திரம் உட்கார்ந்தபோது இது இன்னும் வெளிச்சமாகிவிட்டது. தேர்வுகளைத் தயாரித்து நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் ஈ-ரேட்டர் என்ற மென்பொருள் 1999-இல், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. பிறகு மேற்படிப்பு நுழைவுக்கான ஜிஆர்இ, ஆங்கில மொழித் திறனுக்கான டோஃபல் ஆகிய தேர்வுகளில் மனிதருக்குத் துணையாக வந்தது. 2014-இல் பெரல்மனும் சில மாணவர்களும் பேபல் என்றொரு நிரலை எழுதினார்கள். மூன்று சொற்களைக் கொடுத்தால் ஒரு நொடியில் முழுக் கட்டுரை வந்துவிழும். இலக்கணம் சரியாக இருக்கும், கடினமான சொற்கள் இருக்கும், பத்திகள் இருக்கும், அர்த்தம் மட்டும் துளியும் இருக்காது. இணையத்தில் பயிற்சிக்காகக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்று அதற்கு ஆறுக்கு ஐந்துக்கும் மேல் கொடுத்தது. இயந்திரம் முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மனிதர்கள் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துத்தானே அது கற்றுக்கொண்டது?

இவ்வளவும் தேர்வு நடத்துகிறவர்களின் கதை. எழுதுகிறவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதை எனக்கு ஒரே வரியில் விளக்கியவள் என் அண்ணன் மகள். தொழில்நுட்பம் மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறது, இதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பது தலைப்பு. எழுதும் முன் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம் எழுதப்போறே?"

"ஒத்துக்கிறேன்னுதான்."

"நிஜமாவே அப்படி நினைக்கிறியா?"

"தெரியல அத்தை. ஆனா ஒத்துக்கிட்டா மூணு பாயின்ட் டக்குனு வருது. மறுத்தா ரெண்டுதான் தோணுது."

கெட்டிக்காரப் பெண். தேர்வைப் பொறுத்தவரை அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அங்கே நடந்ததை நிதானமாகப் பாருங்கள். தான் என்ன நினைக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, எது எழுத வசதியோ அது அவளுடைய கருத்தாகிவிட்டது. காரணங்களிலிருந்து முடிவுக்குப் போகும் பாதை திரும்பி, முடிவிலிருந்து காரணங்களுக்கு வந்துவிட்டது. முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டை அறிவித்தாக வேண்டும் என்ற விதி இதைத்தான் கட்டாயமாக்குகிறது.

எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். பாதி எழுதும்போதுதான் நாம் நினைத்தது தவறு என்றே உறைக்கும். ஒரு வாக்கியத்தைத் தாளில் பார்க்கும்போது, 'அப்படியா? எப்போதுமா?' என்று உள்ளே ஒன்று கேட்கும். எழுதுவதில் சிந்தனை நடக்கும் நேரம் அதுதான். ஐந்து பத்திக் கட்டுரையில் அந்த நேரம் வந்தால் ஆபத்து. மூன்றாம் பத்தியில் மனம் மாறினால் முன்னுரையை அடித்துத் திருத்த நேரமில்லை. ஆகவே பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்காமல் எழுதப் பழகுகிறார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும், இதுவும்.

மூன்று என்ற எண்ணுக்கு வருவோம். உலகில் எந்த விஷயத்துக்கும் சம எடையுள்ள மூன்று காரணங்கள் வரிசையாகக் காத்திருப்பதில்லை. சிலவற்றுக்கு ஒன்றுதான் காரணம், அதையே ஆழமாகத் தோண்ட வேண்டும். சிலவற்றில் முதல் காரணம்தான் இரண்டாவதை உண்டாக்குகிறது. அதைத் தனிப் பத்தியில் 'இரண்டாவதாக' என்று போட்டதும் அந்த உறவே மறைந்துவிடுகிறது. மாணவர் மூன்றாவது காரணத்தைத் தேடித் தவிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் காரணத்தையே வேறு சொற்களில் எழுதி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். மாற்றுக் கருத்துக்கான பத்தியும் இதே கதைதான். எதிராளி இரண்டு வரியில் தோற்பதற்காகவே வருகிறார். அவர் சொல்வதில் கொஞ்சமாவது நியாயம் இருந்துவிட்டால் கட்டுரை குலைந்துபோகும்.

இவற்றைக்கூடக் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். இணைப்புச் சொற்கள் விஷயத்தில் டெம்ப்ளேட் தன் சொந்த வாக்குறுதியையே காப்பாற்றுவதில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டாவது கட்டுரை 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். நான்கு அளவுகோல்களில் ஒன்று, கருத்துகள் எவ்வளவு ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது. இதற்காக 'மேலும்', 'அதுமட்டுமின்றி', 'மறுபுறம்', 'இறுதியாக' ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றை வைக்கிறார்கள். வைத்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லித்தரப்படுகிறது.

தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டுள்ள அளவுகோலை எடுத்துப் படியுங்கள். மிக உயர்ந்த 9-ஆம் நிலையில், வாக்கியங்களின் இணைப்பு படிப்பவரின் கவனத்தை மிக அரிதாகவே இழுக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று எழுதியிருப்பது 6-ஆம் நிலையில். பல பல்கலைக்கழகங்கள் கேட்பதோ ஆறரை, ஏழு. திரும்பத் திரும்ப எழுதியும் ஆறிலேயே நிற்கிறேன் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைகளில் குறைவது ஒன்றுமில்லை, எல்லாம் கூடுதலாக இருக்கிறது. ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற்றிவிட்ட அதே சரக்கு, ஆறிலிருந்து ஏழுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'இந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள், இரண்டு வாக்கியமும் தானாக ஒட்டவில்லையென்றால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது' என்று சொன்னால் பயந்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்குவது போல.

இது நம் காலத்து நோய் என்று நினைத்தால் சீனத்தைப் பார்க்க வேண்டும். மிங் ஆட்சிக் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அரசுப் பணித் தேர்வுக்கான கட்டுரைக்கு ஒரு கறாரான வடிவம் நிலைபெற்றது. எட்டுக்கால் கட்டுரை என்று அதற்குப் பெயர். தலைப்பு செவ்வியல் நூல்களின் ஒரு வரி. அதைத் திறப்பதற்கு ஒரு முறை, தொடர்வதற்கு ஒரு முறை, நடுவே இரண்டிரண்டாக இணை பிரியாமல் நடக்கும் பகுதிகள். எழுதுகிறவர் தன் குரலில் பேசக் கூடாது, பழைய ஞானிகளின் வாயாகப் பேச வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணாதிருக்க, விடைத்தாள்களை எழுத்தர்கள் படியெடுத்த பிறகே தேர்வாளரிடம் கொடுத்தார்கள். அதாவது நேர்மைக்காக எல்லாம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான தாள்களை ஒரே அளவில் ஒப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் கு யான்வு, இந்தக் கட்டுரை செய்த கேடு பழங்காலத்தில் சின் வம்சப் பேரரசர் நூல்களை எரித்த கேட்டுக்குச் சமம் என்று எழுதினார். அந்தச் சீற்றத்தைவிட, அவர் போகிறபோக்கில் தரும் ஒரு தகவல்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வரக்கூடிய தலைப்புகள் இன்னின்ன என்று கணித்து, வசதியுள்ள வீடுகளில் ஆசிரியரை வைத்து, தலைப்புக்கு ஒரு கட்டுரை என்று கூலி கொடுத்து எழுதி வாங்கிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். தேர்வில் பத்துக்கு எட்டு ஒன்பது தலைப்பு அப்படியே வந்துவிடுமாம். அந்த வடிவம் 1901-இல் அரச ஆணையால் கைவிடப்பட்டது. 1905-இல் தேர்வே போயிற்று. நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய வண்டி.

டெம்ப்ளேட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் சொல்வதில் எனக்கு வலுவாகப் படுவது இது: புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வாதத்தின் வடிவம் காதாலேயே வந்துவிடும். அந்த வாய்ப்பில்லாத பிள்ளைக்கு யாராவது வெளிப்படையாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். வெற்றுத் தாளைப் பார்த்து உறைந்துபோகிறவருக்கு 'முதலில் இதை எழுது, அடுத்து இதை எழுது' என்பது பெரிய விடுதலை. நானே அப்படிச் சொல்லித்தருவதுண்டு. நடைவண்டியை யாரும் பழிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், இங்கே ஓட்டப் பந்தயத்திலும் நடைவண்டிக்குத்தான் மதிப்பெண். பல ஆண்டு அதையே பிடித்து நடந்தவரிடம் பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, 'உன் வாதம் என்ன?' என்று கேட்கிறார்கள். வேறு வகை எழுத்தும் வாசிப்பும் வாய்த்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும். டெம்ப்ளேட் மட்டுமே கிடைத்த பிள்ளைதான் திகைத்து நிற்கும். யாருக்காக இதை ஆதரிக்கிறோம் என்று சொன்னார்களோ, கடைசியில் அவரே மாட்டிக்கொள்கிறார்.

தேர்வுகள் திருந்திவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகமில்லை. பிரான்சில் பள்ளி இறுதித் தத்துவத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் தருகிறார்கள். அங்கும் வாதம், எதிர்வாதம், இரண்டையும் கடந்த நிலை என்று ஒரு சட்டகம் உண்டுதான். ஆனால் நான்கு மணி நேரத்தில் ஒருவர் மனம் மாறி முன்னுரையைத் திருத்தி எழுதலாம். மற்ற பெரிய தேர்வுகள் எதிர்த்திசையில் போகின்றன. 2023-இல் டோஃபல் தன் 30 நிமிடக் கட்டுரையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடப் பதில் ஒன்றை வைத்தது. அதே ஆண்டு ஜிஆர்இ இரண்டு கட்டுரையில் ஒன்றைக் குறைத்தது. தேர்வெழுதுகிறவர்களுக்கு நிம்மதிதான். நேரம் குறையக் குறைய, முன்பே தயாராக வைத்திருக்கும் வாக்கியங்களின் மதிப்பு கூடிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியங்களை இப்போது எந்த உரையாடல் மென்பொருளும் நொடியில் கொட்டிவிடுகிறது. அதையே ஒரு மனிதப் பிள்ளைக்கு வருடக்கணக்கில் பயிற்றுவிக்கும் அபத்தத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் செய்வது சிறிய சமரசம். தேர்வு வடிவத்தை மறைக்காமல் சொல்லிவிடுவேன்: இது அந்த அறைக்குள் போட்டுக்கொள்ளும் சீருடை, தேர்வு நெருங்கும்போது பழகினால் போதும், வெகு நாள் ஆகாது. அதுவரை வேறு எழுதுங்கள். ஒரே ஒரு காரணத்தை வைத்து இரண்டு பக்கம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் அவர் விரும்பாத ஒன்றைக் கேட்டு ஒரு கடிதம். எதிர்த்தரப்பை அந்தத் தரப்பினரே படித்து 'ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கம். எழுதி முடித்த எந்தக் கட்டுரையிலும் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், எதுவும் குறையாவிட்டால் அதை வெட்டுங்கள்.

எல்லாவற்றிலும் அவர்களுக்குக் கடினமாக இருப்பது ஒன்று: பாதியில் மனம் மாறுகிற கட்டுரை. ஒரு பக்கத்தை நம்பித் தொடங்கி, நடுவில் நேர்மையாகத் தடுமாறி, வேறிடத்தில் முடிய வேண்டும். பெரும்பாலானோர் 'இதுக்கு மார்க் கிடையாதே' என்று நழுவிவிடுவார்கள். எழுதிக்கொண்டு வருகிற சிலருடைய தாள்கள் அலங்கோலமாக இருக்கும். நீளம் தாண்டியிருக்கும், பத்திகள் ஒன்றோடொன்று மோதும், அடித்தல் திருத்தல் நிறைய. தேர்வில் அவை தேறமாட்டா. அந்தத் தாள்களின் ஓரத்தில் எழுதத்தான் எனக்கு இடம் போதுவதில்லை. 'இதை எப்படிச் சொல்கிறாய்?', 'இங்கே நீ முன்னால் சொன்னதை விட்டுவிட்டாயே', 'எனக்கு உடன்பாடில்லை, நேரில் பேசுவோம்' என்று பின்பக்கம் வரை போய்விடுகிறது.